டர்ட்விக்கைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு: ஏரிக்கரையிலிருந்து லீக் வரை

போக்கிமான் கேமில் சின்னோ பகுதிக்குள் காலடி வைத்ததும் மூன்று குட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நெருப்பு வால் கொண்ட சிம்சார், பென்குயின் பிப்லப், தலையில் இளந்தளிர் முளைத்த ஆமைக்குட்டி டர்ட்விக். நீங்கள் டர்ட்விக்கைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அல்லது எடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காக. மூன்றில் எனக்கு எப்போதும் பிடித்தது இந்த ஆமைதான்.

உயரம் 0.4 மீட்டர், எடை 10.2 கிலோ. முதுகோடு மண்ணால் ஆனது, தண்ணீர் குடித்தால் இறுகிக்கொள்ளும். தாகம் எடுத்தால் தலையிலுள்ள இலை வாடிவிடும். லெவல் 18-இல் க்ரோட்டிலாகவும், 32-இல் டார்டெர்ராவாகவும் வளரும். டார்டெர்ரா 2.2 மீட்டர் உயரம், 310 கிலோ. முதுகில் ஒரு மரமே நிற்கும். சின்னப் போக்கிமான்கள் அதன் முதுகில் வந்து கூடு கட்டும் என்று கேமில் உள்ள போக்கிமான் அகராதியான போக்கிடெக்ஸ் சொல்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். டர்ட்விக்கின் அடிப்படை ஸ்பீட் 31. டார்டெர்ரா ஆன பிறகும் அது 56-தான். அதாவது பெரும்பாலான சண்டைகளில் எதிரிதான் முதலில் அடிப்பான், நீங்கள் வாங்கிக்கொண்டு திருப்பி அடிப்பீர்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு யோசனையும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகிறது. டார்டெர்ராவின் அட்டாக் 109, டிஃபென்ஸ் 105, ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) 95. வாங்கவும் தெரியும், கொடுக்கவும் தெரியும். அதை அந்த வழியில் போக விடுங்கள்.

எந்த கேமில் ஆரம்பிப்பது?

டர்ட்விக் முதன்முதலில் வந்தது 2006-இல் ஜப்பானில் வெளியான டயமண்ட், பேர்ல் கேம்களில். அவற்றின் புதிய வடிவங்களான பிரில்லியன்ட் டயமண்ட், ஷைனிங் பேர்ல் இரண்டும் 2021 நவம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சில் வந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். அனுபவப் புள்ளிகள் அணி முழுவதற்கும் தானாகப் பகிரப்படும், வழித்தடைகளை நீக்கும் கட், ஸ்ட்ரென்த் மாதிரியான மூவ்களை (போக்கிமான் கற்கும் உத்திகளை) உங்கள் போக்கிமானுக்குக் கற்றுக்கொடுத்து இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. இங்கே எழுதியிருப்பது இவற்றை வைத்துத்தான். பழைய டயமண்ட், பேர்ல் விளையாடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அதே கதையின் இன்னொரு பதிப்பான பிளாட்டினத்தில் மட்டும் ஜிம்களின் (ஊர் ஊராக வெல்ல வேண்டிய சண்டைக் கூடங்களின்) வரிசையும் எதிரிகளின் அணிகளும் கொஞ்சம் மாறும்.

லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் கேமில் டர்ட்விக் ஆரம்பப் போக்கிமானாகக் கிடைக்காது, காட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது வேறு விதமான கேம், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 1: ஏரிக்கு முன் சேவ் செய்யுங்கள்

வெரிட்டி ஏரிக்குள் நுழையும் முன் ஒருமுறை சேவ் செய்துகொள்ளுங்கள். உள்ளே பெட்டியைத் திறந்து டர்ட்விக்கை எடுத்ததும் ஒரு ஸ்டார்லியோடு சண்டை வரும். அது முடிந்து விளையாட்டு உங்கள் கைக்கு வந்ததும் டர்ட்விக்கின் சம்மரி திரைக்குப் போய் அதன் நேச்சரைப் பாருங்கள்.

நேச்சர் என்பது ஒரு ஸ்டாட்டை (அட்டாக், ஸ்பீட் போன்ற திறன் அளவை) 10 சதவீதம் கூட்டி, வேறொன்றை 10 சதவீதம் குறைக்கும் குணம். நமக்கு வேண்டியது அட்டாக். அதைக் கூட்டி ஸ்பெஷல் அட்டாக்கைக் குறைக்கும் அடமன்ட் கிடைத்தால் அருமை. டிஃபென்ஸைக் கூட்டும் இம்பிஷும் நல்லதே. அட்டாக்கைக் கூட்டி ஸ்பீடைக் குறைக்கும் பிரேவ் வந்தாலும் கவலை வேண்டாம், இல்லாத வேகத்தில் கொஞ்சம் போனால் என்ன? மாடெஸ்ட், போல்ட், காம், டிமிட் ஆகிய நான்கும் அட்டாக்கைக் குறைப்பவை. இவற்றில் ஒன்று வந்து உங்களுக்கு உறுத்தினால் சேவ் செய்யாமல் மூடிவிட்டு மறுபடி எடுக்கலாம். கதையை முடிக்க எந்த நேச்சரும் போதும், இதற்காக மணிக்கணக்கில் உட்காராதீர்கள்.

பெண் டர்ட்விக் எட்டில் ஒன்று என்ற கணக்கில்தான் வரும். ஆணோ பெண்ணோ, பலத்தில் வித்தியாசம் இல்லை.

படி 2: முதல் பாதைகளிலேயே துணை சேருங்கள்

நீங்கள் டர்ட்விக்கை எடுத்தால் உங்கள் போட்டியாளன் சிம்சாரை எடுப்பான். ஆரம்பத்தில் அதற்கு நெருப்பு மூவ் தெரியாது என்பதால் முதல் சண்டையில் பயம் இல்லை. ஆனால் லெவல் 7-இல் அது எம்பர் கற்றுக்கொள்ளும். 203-ஆம் பாதையில் மறுபடி சந்திக்கும்போது எம்பரோடுதான் வருவான். அதற்குள் 201-ஆம் பாதையில் ஒரு ஸ்டார்லியையும், 202-ஆம் பாதையில் ஒரு ஷின்க்ஸையும் பிடித்துவிடுங்கள். ஸ்டார்லியை அலட்சியமாக நினைக்க வேண்டாம். லெவல் 14-இல் ஸ்டராவியாவாகி, ஆமைக்கு முடியாத பாதி வேலையை அதுதான் செய்யப் போகிறது.

டர்ட்விக் லெவல் 9-இல் அப்சார்ப், 13-இல் ரேஸர் லீஃப் கற்கும். அதுவரை டேக்கில்தான் கைகொடுக்கும். இந்தக் கட்டத்தில் புல்வெளியில் தயங்காமல் அதை முன்னால் நிறுத்துங்கள்.

படி 3: ஓர்பர்க் ஜிம்

டர்ட்விக்கை எடுத்ததற்கு முதல் பரிசு இங்கே கிடைக்கும். ஜிம் தலைவர் ரோர்க் பாறை டைப் ஆள். டைப் என்பது போக்கிமானின் வகை, அதைப் பொறுத்துத்தான் அடியின் பலம் கூடும், குறையும். லெவல் 12 ஜியோடூட், லெவல் 12 ஆனிக்ஸ், லெவல் 14 க்ரேனிடாஸ். முதல் இரண்டும் பாறையும் நிலமும் சேர்ந்தவை, அதனால் புல் மூவ் அவற்றின் மேல் நான்கு மடங்கு விழும். அப்சார்ப்பே போதும். க்ரேனிடாஸ் மட்டும் வேறு கதை. அதன் அட்டாக் மிக அதிகம், உங்களைவிட வேகமும் அதிகம். லெவல் 13-ஐத் தொட்டு ரேஸர் லீஃப் வந்த பிறகு உள்ளே போங்கள். ஒரு பாட்டில் போஷன் கையில் இருந்தால் போதும்.

ரோர்க் கொடுக்கும் டிஎம்மில் (மூவ் கற்றுக்கொடுக்கும் பொருள்) ஸ்டெல்த் ராக் இருக்கும். டர்ட்விக்கால் அதைக் கற்க முடியும். ஆனால் இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள், நான்கு இடங்களும் வேறு வேலைக்கு வேண்டும்.

படி 4: லெவல் 17, 18

லெவல் 17-இல் டர்ட்விக் கர்ஸ் கற்கும். பெயரைப் பார்த்து ஏதோ பேய் மந்திரம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. புல் டைப் போக்கிமான் அதைப் பயன்படுத்தினால் அட்டாக்கும் டிஃபென்ஸும் ஒரு படி ஏறும், ஸ்பீட் ஒரு படி இறங்கும். ஏற்கெனவே கடைசியில் நகரும் ஆமைக்கு இதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை! வலுவான ஒற்றை எதிரி முன்னால் நிற்கும்போது இரண்டு முறை கர்ஸ் போட்டுவிட்டு அடித்துப் பாருங்கள், இதே போக்கிமானா என்று இருக்கும்.

லெவல் 18-இல் க்ரோட்டில். பரிணாமத்தை நிறுத்தி வைக்காதீர்கள். நிறுத்தினால் சில மூவ்கள் கொஞ்சம் முன்னாலேயே வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த லாபம் க்ரோட்டிலின் உடல் பலத்துக்கு ஈடாகாது.

படி 5: எட்டர்னா ஜிம்மில் ஓய்வு கொடுங்கள்

இரண்டாவது தலைவி கார்டினியா புல் டைப். லெவல் 19 செரூபி, லெவல் 22 ரோஸரேட், நடுவில் யார் தெரியுமா? லெவல் 19 டர்ட்விக்! உங்கள் குட்டியின் இனமே எதிரில் வந்து நிற்கும், அதுவும் இன்னும் வளராமல்.

புல்லுக்குப் புல் பாதிதான் வேலை செய்யும், நச்சும் சேர்ந்த ரோஸரேட் மேல் கால்வாசி. இங்கே ஸ்டராவியாவை முன்னால் அனுப்புங்கள். எட்டர்னாவுக்குக் கிழக்கே 211-ஆம் பாதையில் போனிட்டா கிடைக்கும். அதைப் பிடித்தால் இந்த ஜிம்மும் சுலபம், பின்னால் வரும் பனி ஜிம்முக்கும் ஆள் தயார்.

எட்டர்னாவிலேயே எக்ஸ்ப்ளோரர் கிட்டை வாங்கிக்கொண்டு நிலத்தடிக்குப் போங்கள். சுவரைத் தோண்டினால் ஹார்ட் ஸ்கேல் கிடைக்கும். ஒன்றிரண்டைச் சேர்த்து வையுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

படி 6: 18 முதல் 32 வரை

பலர் மனம் தளர்வது இந்தப் பகுதியில்தான். க்ரோட்டில் நல்ல பலசாலி, ஆனால் கையில் இருப்பது ரேஸர் லீஃப், 22-இல் வரும் பைட், அவ்வளவுதான். 27-இல் மெகா டிரெய்ன் வரும்போது ரேஸர் லீஃபை எடுத்துவிட்டு அதைப் போடத் தோன்றும். போடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு தாக்குதல் மூவும் அட்டாக்கை நம்பியிருக்கும், இல்லையென்றால் ஸ்பெஷல் அட்டாக்கை நம்பியிருக்கும். க்ரோட்டிலின் அட்டாக் 89, ஸ்பெஷல் அட்டாக் 55. டார்டெர்ராவுக்கு 109-உம் 75-உம். அப்சார்ப், மெகா டிரெய்ன், கிகா டிரெய்ன், லீஃப் ஸ்டார்ம் எல்லாமே ஸ்பெஷல் வகை. லெவல் ஏற ஏற கேம் வரிசையாக இவற்றைத்தான் கொண்டுவந்து நீட்டும், பெயரும் பவரும் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் இந்த ஆமையின் பலம் இருப்பது மறுபக்கத்தில். ரேஸர் லீஃப் பவர் 55-தான் என்றாலும் அட்டாக்கை நம்பிய மூவ், கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) விழும் வாய்ப்பும் அதிகம். பவரிலும் மெகா டிரெய்ன் குறைவுதான், 40. டார்டெர்ரா ஆகும்வரை ரேஸர் லீஃபைக் கையில் வைத்திருங்கள்.

வெய்ல்ஸ்டோன் ஜிம்மில் மெய்லீனின் லெவல் 30 லூகாரியோ க்ரோட்டிலுக்குக் கடினம், ஏனென்றால் எஃகு உடம்பில் புல் ஒட்டாது. போனிட்டாவின் நெருப்பு அதற்கு நல்ல மருந்து. மெடிடைட், மச்சோக் இரண்டையும் ஸ்டராவியா கவனித்துக்கொள்ளும். பாஸ்டோரியாவில் வேக் நீர் டைப் என்றதும் க்ரோட்டில் எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிடும் என்று நினைக்கத் தோன்றும். க்வாக்ஸயர் நான்கு மடங்கில் விழும், சரி. ஆனால் கியாராடாஸ் பறக்கும் டைப்பும் கூட, புல் அதன் மேல் சாதாரணமாகத்தான் விழும். அதை ஷின்க்ஸ் குடும்பத்திடம் விடுங்கள். மின்சாரம் அதன் மேல் நான்கு மடங்கு.

இடையில் ஹார்த்தோமில் இருக்கும் அமிட்டி ஸ்கொயர் பூங்காவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அதன்பின் ஊரெங்கும் உங்கள் போக்கிமான் பின்னாலேயே நடந்து வரும். சண்டைக்கு இது தேவை இல்லை. ஆனால் உங்கள் க்ரோட்டில் முதுகுப் புதரோடு அசைந்து அசைந்து வருவதைப் பார்க்காமல் இந்த கேமை முடிக்காதீர்கள்.

படி 7: டார்டெர்ரா, உடனே இரண்டு வேலை

லெவல் 32. பரிணமித்த அந்த நொடியிலேயே எர்த்க்வேக் கற்கச் சொல்லிக் கேட்கும். பவர் 100, குறி தவறாது. கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இருவர் சேர்ந்து ஆடும் இரட்டைச் சண்டையில் எர்த்க்வேக் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் தாக்கும். கூட இருப்பது பறக்கும் போக்கிமானாக இருந்தால் கவலை இல்லை.

அடுத்து, பாஸ்டோரியாவில் மறந்த மூவ்களை நினைவூட்டும் ஆள் ஒருவர் ஒரு வீட்டில் இருப்பார். ஹார்ட் ஸ்கேல் ஒன்றைக் கொடுத்து டார்டெர்ராவுக்கு வுட் ஹேமர் கற்றுக்கொடுங்கள். பவர் 120, அட்டாக்கை நம்பிய புல் மூவ். இவ்வளவு நாள் ரேஸர் லீஃபோடு பொறுமையாக இருந்தது இதற்குத்தான். இது லெவல் ஏறினால் தானாக வருவதில்லை. அதனாலேயே பல புதியவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே கடைசிவரை தெரியாமல் போகிறது. கொடுத்த அடியில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கும் திரும்பி வரும், அதைச் சமாளிக்க லெவல் 39-இல் சிந்தஸிஸ் வரும். பாதி ஹெச்பியை மீட்கும், நல்ல வெயிலில் மூன்றில் இரண்டு பங்கு, மழையிலோ பனியிலோ கால் பங்குதான்.

நான்கு இடங்களில் மூன்று முடிந்தது: எர்த்க்வேக், வுட் ஹேமர், சிந்தஸிஸ். நான்காவதில் லெவல் 45 வரை பைட், பிறகு க்ரஞ்ச். பிற்பாடு ஸ்டோன் எட்ஜ் டிஎம் கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். டார்டெர்ராவின் பகைகள் பனி, தீ, பறக்கும், பூச்சி என நான்கு. இந்த நான்கு டைப்களையும் பாறை இரட்டிப்பாக அடிக்கும். குறி பத்தில் இரண்டு முறை தவறும் என்பதுதான் குறை. சிந்தஸிஸுக்குப் பதில் கர்ஸ் வைத்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள், மருந்துகளைப் பையிலிருந்து தாராளமாகப் பயன்படுத்துவீர்கள் என்றால் அதுவும் நல்ல வழியே.

படி 8: புதிய உடம்பு, புதிய கணக்கு

டார்டெர்ரா புல்லும் நிலமும் சேர்ந்தது. மின்சாரம் இனி அதைத் தொடவே தொடாது. பாறை, நிலத் தாக்குதல்கள் பாதியாகும். ஆனால் இதுவரை நீரையும் புல்லையும் தாங்கிய உடம்பு இனி அவற்றை முழுதாகவே வாங்கும். பனி என்றால் நான்கு மடங்கு. நீர் டைப் போக்கிமான்கள் பல பனி மூவ் ஒன்றைக் கையில் வைத்திருக்கும். ஆகவே, நீர்தானே என்று நம்பி அரைகுறை ஹெச்பியோடு இறங்காதீர்கள். யாச்சி பெர்ரி கிடைத்தால் டார்டெர்ராவிடம் கொடுத்து வையுங்கள், ஒரு பனி அடியைப் பாதியாக்கும்.

படி 9: மீதி ஜிம்கள்

ஹார்த்தோம் ஜிம்மின் ஃபான்டினா பேய் டைப். ட்ரிஃப்ப்ளிம் பறக்கும், மிஸ்மேஜியஸ் மிதக்கும், இரண்டின் மேலும் எர்த்க்வேக் படாது. கெங்கர் பழைய கேமில் மிதந்தது, பிரில்லியன்ட் டயமண்டில் மிதப்பதில்லை, அங்கே எர்த்க்வேக் பிளந்துவிடும். மற்ற இரண்டுக்கும் பைட்.

கானலேவ் ஜிம்மில் பைரன். எஃகு அணி. ஸ்டீலிக்ஸ் எர்த்க்வேக்கில் இரட்டிப்பு, பாறையும் எஃகுமான லெவல் 39 பாஸ்டியடான் நான்கு மடங்கு. ப்ரான்ஸர் மட்டும் மிதக்கக்கூடும். டார்டெர்ராவின் முழு வலிமையையும் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஸ்னோபாயிண்ட் ஜிம்மில் காண்டிஸ், பனி டைப். டார்டெர்ராவை அணியில் கடைசியில் போடுங்கள், வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். லெவல் 42 அபோமாஸ்னோ புல்லும் பனியும், நெருப்பு அதன் மேல் நான்கு மடங்கு. எட்டர்னாவில் பிடித்த போனிட்டா இந்நேரம் ராப்பிடாஷ் ஆகியிருக்கும். 207-ஆம் பாதையின் மச்சாப்பை வளர்த்தவர்களுக்கு ஸ்னீஸல் தொல்லையும் இருக்காது.

சன்னிஷோரில் வோல்க்னர். ராய்ச்சு, லக்ஸ்ரே இரண்டின் மின்சாரமும் உங்களிடம் செல்லாது, அவற்றுக்கு எர்த்க்வேக் இரட்டிப்பு. நீர் டைப் ஆக்டிலரிக்கு வுட் ஹேமர்.

படி 10: லீக்

உள்ளே போவதற்கு முன் போட்டியாளனின் இன்ஃபர்னேப் கடைசியாக ஒருமுறை வரும். அது டார்டெர்ராவைவிட மிக வேகம். எர்த்க்வேக் அதற்கு இரட்டிப்பாக விழும் என்றாலும், அதன் நெருப்பை முதலில் வாங்க வேண்டியிருக்கும். கியாராடாஸ் அல்லது ஃப்ளோட்ஸல் போல ஒரு நீர் டைப் அணியில் இருந்தால் அதை அனுப்புங்கள்.

லீக்கில் சாம்பியனுக்கு முன் வரிசையாக வெல்ல வேண்டிய நால்வரில் ஏரன் பூச்சி டைப், அவரிடம் ஆமையை இறக்க வேண்டாம். இரண்டாவது பெர்த்தா நில டைப், அங்கே தலைகீழ். க்வாக்ஸயர், விஸ்காஷ், கோலம் மூன்றின் மேலும் வுட் ஹேமர் நான்கு மடங்கு. திருப்பி வரும் அடியைக் கவனித்து இடையிடையே சிந்தஸிஸ் போட்டுக்கொண்டே வந்தால் டார்டெர்ரா ஒன்றே பாதிக்கு மேல் முடித்துவிடும். ஃப்ளின்ட் தீ டைப், என்றாலும் அவருடைய ஸ்டீலிக்ஸ் வரும்போது டார்டெர்ராவை எடுக்கலாம். லூசியனின் சைக்கிக் அணிக்கு க்ரஞ்ச் வேண்டும், ஸ்டோன் எட்ஜ் வைத்திருப்பவர்கள் வேறு ஆளைத் தயாராக வைத்திருங்கள்.

கடைசியில் சாம்பியன் சிந்தியா. இவருடைய அணியில் டார்டெர்ராவுக்கு இரண்டு வேலை உண்டு. காஸ்ட்ரோடான் நீரும் நிலமும், ஒரே வுட் ஹேமர். லூகாரியோவுக்கு எர்த்க்வேக். மிலோட்டிக் வந்தால் மட்டும் நீர் டைப் என்று ஏமாந்து நிற்காதீர்கள், அது ஐஸ் பீம் வைத்திருக்கும். மின்சாரப் போக்கிமானை மாற்றி இறக்குங்கள். கார்ச்சோம்ப்புக்கு முன்னால் டார்டெர்ராவின் ஹெச்பி பாதிக்குக் கீழே இருந்தால் முதலில் வேறொன்றை அனுப்பி, அது தாக்குப்பிடிக்கும் நேரத்தில் டார்டெர்ராவுக்கு மருந்து கொடுத்துவிடுங்கள். ஹெச்பி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் ஓவர்க்ரோ என்ற திறனால் புல் மூவ்களின் பலம் ஒன்றரை மடங்காகும். வேறு வழியே இல்லாத கட்டத்தில் வுட் ஹேமரை அப்போது போட்டுப் பாருங்கள்.